திரும்பின பிறகும் இண்டிகேட்டர் அணையவில்லையா? கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முன்னால் போகிற கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வளைவு முடிந்து, ரோடு நேராகி, கோட்டைவாசலையும் கடந்த பிறகும் வலப்பக்க இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டே போகிற வண்டி ஒன்றாவது மாட்டும். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ‘டிக் டிக்’ சத்தம் காதில் விழாது. ஆனால் பின்னால் வருகிறவனுக்கு அது ஒரு தகவல். இவன் வலது பக்கம் ஒதுங்கப் போகிறானா, முன்னால் போகிற லாரியை முந்தப் போகிறானா, இல்லை என்னை முந்திக்கொள் என்கிறானா? மலை ரோட்டில் இண்டிகேட்டருக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள், அதனால் சும்மா எரிகிற இண்டிகேட்டர் எரியாத இண்டிகேட்டரை விட மோசம் என்பது என் கருத்து. தரையில் வந்தால் வேறு ஆபத்து. இடப்பக்கம் எரிந்துகொண்டே நீங்கள் நேராகப் போவீர்கள், கிளை ரோட்டில் நிற்கிற பைக்காரர் நீங்கள் உள்ளே திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி வண்டியை எடுத்துவிடுவார்.

ஒர்க்‌ஷாப்பில் போய் “அண்ணாச்சி, இண்டிகேட்டர் தானா ஆஃப் ஆகலை” என்று சொன்னால் பெரும்பாலும் வருகிற பதில், “காம்பினேஷன் சுவிட்ச் போயிருக்கும், மாத்திருவோம்.” ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற, இண்டிகேட்டர் லீவரும் வைப்பர் லீவரும் சேர்ந்த சுவிட்ச் அது. போயிருக்கலாம். ஆனால் அதைத் தவிர இன்னும் நாலைந்து காரணங்கள் இருக்கின்றன, சிலவற்றுக்குப் பைசா செலவில்லை. எந்தப் பக்கம் அணையவில்லை, அணைய வேண்டிய நேரத்தில் என்ன சத்தம் வருகிறது, கடைசியாக ஸ்டீயரிங்கை யாராவது கழற்றினார்களா, இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள், எடுக்கவும் விடாதீர்கள்.

முதலில், இது கோளாறுதானா?

இண்டிகேட்டர் தானாக அணைய, ஸ்டீயரிங் ஓரளவு சுற்றிப் போய்த் திரும்பி வர வேண்டும். லேசாக ஒடித்துவிட்டு நேராக்கினால் அணையாது, எந்தப் புது வண்டியிலும் அணையாது. முந்தும்போது, லேன் மாறும்போது, ஓரமாக ஒதுங்கும்போது ஸ்டீயரிங் கால் சுற்று கூடச் சுற்றுவதில்லை. கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண் பாலத்தை ஒட்டிப் போகிற ரோட்டில் வளைவுக்குக் குறைவில்லை, ஆனால் அதில் பல, ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக ஒடித்தாலே போய்விடக்கூடியவை. அந்த மாதிரி இடத்தில் லீவரை முழுக்கத் தள்ளிப் போட்டுவிட்டு அணையவில்லை என்று குறை சொல்லிப் பயனில்லை. லீவரை ‘டக்’ என்று உட்காரும் வரை தள்ளாமல், பாதி தூரம் அழுத்தி விரலாலேயே பிடித்துக்கொண்டால் விளக்கு எரியும், விட்டால் அணையும். இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் மூன்று முறை மினுக்கிவிட்டுத் தானே நின்றுவிடுகிறது. இது எல்லா வண்டியிலும் கிடையாது, உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடலாம். லீவர் ஒழுங்காக நடுவுக்கு வந்துவிட்டது, ஆனாலும் விளக்கு மினுக்குகிறது என்றால் அது வேறு கேஸ். சுவிட்சுக்குள் இருக்கிற கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஹசார்ட் பட்டன் பாதி அழுந்திய நிலையில் சிக்கியிருக்கும். இண்டிகேட்டர் வழக்கத்தை விட வேகமாக அடிக்கிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும், அல்லது பழைய 21 வாட் பல்பை எடுத்துவிட்டு யாரோ எல்இடி மாட்டியிருப்பார்கள். இவற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சம்பந்தமில்லை. இங்கே பார்க்கப் போவது லீவரே திரும்பி வராத கதையை மட்டும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது, அதில் ஒன்றிரண்டு இடத்தில் சின்னப் புடைப்பு. இதுதான் கேம். சில வண்டிகளில் இது ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்திலேயே இருக்கும், ஏர்பேக் உள்ள வண்டிகள் பலவற்றில் கிளாக் ஸ்பிரிங் என்று சொல்கிற, சுற்றுகிற ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொண்டுபோகிற நாடா உள்ள வட்டப் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும். சுற்றாமல் நிற்கிற பக்கம் காம்பினேஷன் சுவிட்ச். அதில் இண்டிகேட்டர் லீவரின் அடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் நாக்கு, ஸ்பிரிங் தாங்கலோடு. லீவர் நடுவில் இருக்கும்போது அந்த நாக்கு உள்ளே ஒதுங்கியிருக்கும், கேம் எவ்வளவு சுற்றினாலும் அதைத் தொடாது.

நீங்கள் லீவரைப் போட்டதும் நாக்கு வெளியே நீண்டு கேமின் பாதையில் வந்து நிற்கும். திருப்பத்துக்குள் போகும்போது கேமின் புடைப்பு அதைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடும், ஸ்பிரிங் இருப்பதால் நாக்கு மடங்கி வழி விட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். திருப்பம் முடிந்து ஸ்டீயரிங்கை நேராக்கும்போது அதே புடைப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மோதும். இந்தப் பக்கம் நாக்கு மடங்காது. கதவைச் சாத்தும்போது பூட்டின் சாய்ந்த நாக்கு தானே உள்ளே போய்விடுகிறது, ஆனால் சாத்திய கதவை இழுத்தால் வருவதில்லை, அதே தந்திரம்தான். மடங்க முடியாத நாக்கு மொத்த லீவரையும் உதைத்து நடுவுக்கு அனுப்பிவிடுகிறது. லீவர் அதன் இடத்தில் நிற்பதற்கு ஒரு குழிப் பாதையும், அதில் ஸ்பிரிங் வைத்து அழுத்துகிற ஒரு குண்டோ முனையோ இருக்கும். கேம் கொடுக்கிற உதை அந்தப் பிடிப்பைத் தாண்டும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆக, கெட்டுப்போக இருப்பவை கேம், நாக்கு, அதன் ஸ்பிரிங், லீவரின் பிடிப்பு, அப்புறம் கேமுக்கும் நாக்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. இந்தக் கடைசி விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

சத்தத்தைக் கேளுங்கள்

ஆளில்லாத ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள், பாட்டை நிறுத்துங்கள், ஏசி ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் நின்ற இடத்தில் சுற்றினால் கைக்கும் கஷ்டம், டயருக்கும் கேடு. மெதுவாக உருட்டிக்கொண்டே செய்தால் இன்னும் நல்லது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு ஸ்டீயரிங்கை இடப்பக்கமாக முக்கால் சுற்று சுற்றி, அப்படியே மெதுவாக நேராக்குங்கள். பிறகு வலப்பக்கம். ஒரு கை லீவரின் நுனியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், பிடிக்க வேண்டாம். உதை வருகிறதா என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் சத்தமே இல்லை, விரலிலும் எதுவும் தெரியவில்லை என்றால் கேமும் நாக்கும் சந்திக்கவே இல்லை. கேம் உடைந்திருக்கலாம், சுவிட்ச் பின்னால் நகர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டீயரிங் கழற்றி மாட்டியபோது சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் ஒழுங்காக அணைகிறது, மற்ற பக்கம் இல்லை என்றால் நாக்கின் ஒரு முனை ஒடிந்திருக்க வாய்ப்பு அதிகம், அல்லது ஸ்டீயரிங் நடுவிலிருந்து விலகி மாட்டப்பட்டிருக்கும்.

‘டக்’ என்று உதை வருகிறது, லீவர் லேசாகத் துள்ளுகிறது, ஆனால் திரும்பி வரவில்லை என்றால் நல்ல செய்தி. அது பெரும்பாலும் அழுக்கு, காய்ந்து பிசினாகிப் போன கிரீஸ், இல்லை லீவர் கவரில் உரசி நிற்கிறது. என்றைக்கோ சிந்திய டீ லீவரின் அடியில் இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. நேர்மாறாக, லீவரைப் போட்டால் நிற்காமல் தானே விழுகிறது அல்லது திரும்பி முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது என்றால் பிடிப்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது கரகரவென்று பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடைந்த துண்டு உள்ளே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கிளாக் ஸ்பிரிங்கைக் கெடுத்துவிட்டால் ஹாரன் போகும், ஸ்டீயரிங்கில் இருக்கிற பட்டன்கள் போகும், ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

ஸ்டீயரிங்கைக் கடைசியாகத் தொட்டது யார்?

வீல் அலைன்மென்ட் செய்த மறுநாளிலிருந்து இண்டிகேட்டர் ஒரு பக்கம் அணையவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. காரணம் மர்மம் ஒன்றுமில்லை. அலைன்மென்ட் முடிந்து பார்த்தால் ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. அதை, முன் சக்கரங்களைத் திருப்புகிற கம்பியான டை ராடில்தான் இரண்டு பக்கமும் சமமாகத் திருத்த வேண்டும். அது கொஞ்சம் வேலை. சோம்பல்பட்டவர்கள் ஸ்டீயரிங்கைக் கழற்றி, அது உட்காருகிற ஷாஃப்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டி, பார்வைக்கு நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டீயரிங் நேராகத்தான் தெரியும், ஆனால் அதோடு கேமும் ஒரு பல் நகர்ந்திருக்கும். விளைவு, ஒரு பக்கம் சீக்கிரமே அணையும், மற்ற பக்கம் அணைய நேரமாகும் அல்லது அணையவே அணையாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் பூட்டு விழும் வரை ஸ்டீயரிங்கைச் சுற்றி, மொத்தம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் ஸ்டீயரிங்கின் கட்டைகள் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அப்போது சுவிட்சை மாற்றிப் பிரயோஜனமில்லை. ஸ்டீயரிங்கைப் பழைய இடத்தில் மாட்டி, அலைன்மென்டை டை ராடில் சரியாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி” என்றால் வேறு கடை பாருங்கள்.

ஸ்டைலுக்காக வெளியில் வாங்கின சின்ன ஸ்டீயரிங் மாட்டியவர்களுக்கும் இதே தொல்லைதான். அதன் அடியில் வைக்கிற அடாப்டரில் கேமைச் சுற்றுகிற முளை இருக்காது, இருந்தாலும் நீளம் போதாது. அதற்கு ஏற்ற அடாப்டர் கிடைத்தால் மாட்டலாம், இல்லையென்றால் பழைய ஸ்டீயரிங்கே மேல்.

கவரைத் திறந்து பார்ப்பது

ஸ்டீயரிங்கைக் கழற்றாமலே நிறையப் பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சாவி போடுகிற இடத்தைச் சுற்றி மேலும் கீழுமாக இரண்டு பிளாஸ்டிக் கவர் இருக்கும். கீழ்க்கவரில் அடியிலிருந்து சில ஸ்குரூ, சில வண்டிகளில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் சுற்றினால்தான் தெரிகிற இன்னும் இரண்டு. அவற்றை எடுத்துவிட்டு, இரண்டு கவரும் சேருகிற விளிம்பில் விரலால் அழுத்திப் பிரித்தால் கிளிப் விடுபடும். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்ப வேண்டாம், கிளிப் ஒடிந்தால் அப்புறம் எப்போதும் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும்.

கவர் வெளியே வந்ததும் முதல் காரியமாக லீவரைப் போட்டு இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள். கவர் இல்லாதபோது ஒழுங்காக அணைகிறது என்றால் குற்றவாளி கவர்தான், லீவர் வெளியே வருகிற ஓட்டையின் விளிம்பில் உரசியிருக்கிறது. யாரோ கவரைச் சரியாக உட்காரவைக்காமல் ஸ்குரூ முறுக்கியிருப்பார்கள். விளிம்பில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அடுத்து சுவிட்சைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடக்கூடாது. ஆடினால் அதைப் பிடித்திருக்கிற ஸ்குரூவோ கிளாம்ப்போ தளர்ந்திருக்கிறது, அதனால் நாக்கு கேமை விட்டு விலகிப் போயிருக்கிறது. முன்னால் தள்ளி உட்காரவைத்து முறுக்கினால் வேலை முடிந்தது. பைசா செலவில்லாத வைத்தியம் என்று சொன்னதில் இதுவும் ஒன்று.

அப்புறம் டார்ச் அடித்து ஸ்டீயரிங்குக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பாருங்கள், இன்னொருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றட்டும். லீவரைப் போட்டால் வெளிர் நிறத்தில் ஒரு சின்ன முனை எட்டிப் பார்க்கும். அதுதான் நாக்கு. ஒரு பக்கம் போட்டால் வருகிறது, மறுபக்கம் போட்டால் வரவில்லை என்றாலோ, வந்த முனை மழுங்கி வட்டமாக இருந்தாலோ விஷயம் தெரிந்துவிட்டது. கீழ்க்கவரின் உள்ளே அரிசி அளவில் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் எடுத்து வையுங்கள். அது கேமின் துண்டா நாக்கின் துண்டா என்று பிறகு பொருத்திப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலர் இந்தக் கட்டத்தில் சந்துக்குள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான், தலைக்கு, சமையலுக்கு, கீச்சிடுகிற கதவுக்கு. சுவிட்சுக்கு வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் ஆரியங்காவில் வண்டியை எடுக்கிறவர்களுக்கு லீவர் இறுகி நிற்கும், வெயில் ஏறினதும் சரியாகும், என்ன கோளாறு என்றே பிடிபடாது. எஞ்சின் ஆயிலும் ஆகாது, தூசியை வாரி இழுத்துக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆகிற சிலிகான் கிரீஸ் துளியூண்டு வைத்தால் போதும்.

ஏர்பேக் இருக்கிறதா?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகிற எல்லாக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளிலும் பலவற்றில் இருக்கிறது. ஸ்டீயரிங் நடுவில் எஸ்ஆர்எஸ் அல்லது ஏர்பேக் என்று எழுதியிருந்தால், இதுவரை சொன்னதை எல்லாம் நீங்களே செய்யலாம், இதற்குமேல் ஸ்டீயரிங்கைக் கழற்றுவது என்றால் அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த மூடிக்குள் இருப்பது வெடித்து விரிகிற சாதனம், முகத்துக்கு நேரே.

செய்யத் தெரிந்தவர் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று இவற்றைக் கவனிக்கலாம். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும், கழற்றின உடனே ஆரம்பிக்காமல் பத்து நிமிடம் போல விட வேண்டும், உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிவதற்காக. ஏர்பேக்குக்குப் போகிற வயர், கப்ளர் எல்லாம் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், அதில் டெஸ்ட் லேம்ப்போ மீட்டரோ வைக்கவே கூடாது. கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கிற மாதிரி தனியாக வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கக் கூடாது. அது வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. போட்டால் ஏர்பேக் விளக்கு பதிந்துவிடும், அதை அழிக்க, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கிற ஸ்கேனர் தேவைப்படும். இதில் ஏதாவது ஒன்றுக்கு மெக்கானிக் சிரித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்டீயரிங்கை எடுப்பது

இது ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு. இதிலும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பம், ஹாரன் வயர் அங்கேதான் வருகிறது. முன் டயர்களை நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் பேடை எடுத்தால் நடுவில் ஒரு பெரிய நட்டு. அதை எடுப்பதற்கு முன் ஷாஃப்டின் நுனியிலும் ஸ்டீயரிங்கின் நடுப்பாகத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எழுத்தை அழிக்கிற வெள்ளை மை பேனா இதற்கு வசதி. இந்தக் கோடு போடாமல் கழற்றியதால்தான் பாதிப் பேர் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள்.

நட்டைத் தளர்த்துங்கள், முழுக்க எடுத்துவிடாதீர்கள். நாலைந்து மரை பிடித்திருக்கட்டும். அப்புறம் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மாற்றி மாற்றி ஆட்டி இழுங்கள், வராவிட்டால் திருகி இழுக்கிற புல்லர் கருவியைப் போடுங்கள். நட்டு இல்லாமல் இழுத்தால் அது திடீரென்று விடுபட்டு நேராக மூக்கில் வந்து அடிக்கும். பின்னாலிருந்து சுத்தியலால் தட்டுகிற வேலை வேண்டாம். விபத்தில் மடங்கி உயிர் காக்கட்டும் என்று வடிவமைத்த ஸ்டீயரிங் தண்டைத் தட்டியே கெடுத்துவிடுவீர்கள்.

ஸ்டீயரிங் வந்ததும் கேம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். புடைப்பு முழுசாக இருக்கிறதா, வளையத்தில் விரிசல் இருக்கிறதா, ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கிற முளை கேமின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்ததா என்று பாருங்கள். முளை பள்ளத்தை விட்டு விலகி மாட்டியிருந்தால், ஸ்டீயரிங் சுற்றும், கேம் சுற்றாது.

சுவிட்சை எடுக்க மூன்று நான்கு ஸ்குரூ, கீழே கப்ளர்கள். கப்ளரின் பூட்டை அழுத்திவிட்டு உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் நாக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் சுருக்கென்று நிமிர வேண்டும். மெதுவாக எழுந்தால் அழுக்கு, எழவே இல்லை என்றால் ஸ்பிரிங் கழன்றோ ஒடிந்தோ போயிருக்கிறது. சுவிட்சைப் பிரிக்க வேண்டி வந்தால் ஒரு தட்டில் பழைய வேட்டித் துணியை விரித்து அதன் மேல் வைத்துப் பிரியுங்கள். உள்ளே இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் மிளகு அளவுதான், சிமெண்ட் தரையில் தெறித்தால் கிடைத்த மாதிரிதான். பிரிப்பதற்கு முன்னால் போனில் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒடிந்த நாக்கை ஒட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இது நைலான் வகைப் பிளாஸ்டிக், பசை இதில் பிடிப்பதே அபூர்வம், பிடித்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அடி வாங்குகிற இடம் அது. ஒரு வாரம் ஓடும். அந்த நேரத்துக்குப் புது சுவிட்சே மாட்டிவிடலாம்.

வாங்கும்போது

வண்டியின் மாடல், வருடம் மட்டும் சொன்னால் போதாது. ஏர்பேக் உண்டா இல்லையா, முன்பக்க ஃபாக் லைட் சுவிட்ச் லீவரில் இருக்கிறதா, பின்பக்க வைப்பர் உண்டா என்பதைப் பொறுத்து ஒரே வண்டிக்கு வேறு வேறு சுவிட்ச் வரும். பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. தென்காசியில் கேட்டாலும் சரி, மலையிறங்கிப் புனலூரில் போய் “சேட்டா, இதே மாதிரி வேணும்” என்றாலும் சரி, கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கப்ளரின் பின் எண்ணிக்கை, நாக்கு நிற்கிற உயரம், ஸ்குரூ ஓட்டை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாக்கின் உயரம் நூலளவு குறைந்தாலும் புது சுவிட்சும் அணைக்காது, மட்டமான சரக்கில் இது நடக்கிறது. சில வண்டிகளில் இண்டிகேட்டர் பக்கம் தனி, வைப்பர் பக்கம் தனி என்று பிரித்தே கிடைக்கும், அப்போது முழு செட் வாங்கத் தேவையில்லை. கேம் மட்டும் போயிருந்து, அது கிளாக் ஸ்பிரிங்கோடு சேர்ந்த வகை என்றால் முழு கிளாக் ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். அதைப் புதுசாகவே வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில் சுவிட்ச் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் ஏர்பேக்குக்கு மின்சாரம் போகிற சாமானை அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

திரும்ப மாட்டுவது

டயர் நேராக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கிளாக் ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால் அது நடுவில் இருக்க வேண்டும். கழற்றியபோதே அசையாமல் டேப் ஒட்டி வைத்திருந்தால் பிரச்சினையில்லை. தெரியாமல் சுற்றிவிட்டால், அந்த வண்டியின் மேனுவலில் சொன்னபடி ஒரு பக்கம் முடிகிற வரை மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து சொன்ன அளவு திரும்பி, அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரவைக்க வேண்டும். குத்துமதிப்பாக மாட்டினால் முதல் கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடிக்கும்போது உள்ளே இருக்கிற நாடா அறுந்துவிடும்.

மாட்டும்போது லீவர் நடுவில் இருக்கட்டும். இண்டிகேட்டர் போட்ட நிலையில் ஸ்டீயரிங்கை அழுத்தினால் வெளியே நீண்டிருக்கிற நாக்கு கேமின் கீழே சிக்கி ஒடியும், புது சுவிட்ச் அன்றைக்கே போய்விடும். வெள்ளைக் கோடுகள் சேருகின்றனவா, முளை பள்ளத்தில் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு நட்டைப் போடுங்கள். ஸ்டீயரிங் நட்டு உயிர் சம்பந்தப்பட்டது, கை மதிப்பில் முறுக்காமல் டார்க் ரென்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சில கம்பெனிகள் பழைய நட்டையோ போல்ட்டையோ திரும்பப் போடக் கூடாது என்றே சொல்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவரைப் போடுவதற்கு முன்னால் சோதனை. பேட்டரியை மாட்டி, ஹாரன், ஹெட்லைட், டிம் டிப், வைப்பர், தண்ணீர் ஸ்பிரே எல்லாம் வேலை செய்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு இக்னிஷன் போட்டதும் எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை ஓட்டி நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி கழற்றியதால் கடிகாரம் மாறியிருக்கும், சில வண்டிகளில் கண்ணாடி தானாக ஏறி இறங்குவதும் மறந்துபோயிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பிறகு அதே மைதானத்தில் இரண்டு பக்கமும் முக்கால் சுற்று சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அணைந்தால் கவரை மாட்டலாம். கவர் மாட்டிய பிறகும் ஒருமுறை சோதியுங்கள், உரசல் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, போட்டதும் தானே நடுவுக்கு வந்துவிடுகிற லீவர் உள்ள விலை கூடிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் வண்டியில் நாக்கும் கேமும் இல்லாமல் இருக்கலாம், ஸ்டீயரிங் எவ்வளவு சுற்றியது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் விளக்கை அணைக்கிறது. அதில் அணையவில்லை என்றால் கவரைத் திறந்து பார்க்க ஒன்றுமில்லை, முதலில் ஸ்கேனர், அப்புறம்தான் மற்றது.